மாமனார் வீட்டுச் சவரக்கத்தி

தைவானின் சியாயி நகரத்தில் குவாங்-தே பிரித்து மாட்டாத ஸ்கூட்டர் கிடையாது. ஆனால் சவரக்கத்தியைக் கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் மாமனார் வீட்டுக் கத்தி. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் வாங்கியது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்து ஒரு மாதம் நிறையும் நாளில் அதில்தான் முதல் முடி எடுப்பார்கள். கடைசியாக அவன் மனைவி மெய்-சூவுக்கு எடுத்தது. அதற்கப்புறம் அலமாரியில் கிடந்து துருவேறிவிட்டது.

பேத்தி பிறந்ததும் மாமனார் தியென்-சூ அதைத் தேடி எடுத்தார். குவாங்-தே சும்மா இருந்திருக்கலாம்.

"நான் சரி பண்றேன் மாமா."

"நீங்களா? இது என்ன ஸ்பார்க் பிளக்கா மாப்ளே, துடைச்சு மாட்டுறதுக்கு? உடைச்சுக் கொண்டாந்து கொடுக்கப் போறீங்க."

அந்த ஒரு வார்த்தை போதும், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனான்.

கடையில் சாணை இயந்திரம் இருந்தும் அதன் பக்கமே போகவில்லை. சூடு ஏறினால் இரும்பு கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். எண்ணெயில் ஊறவைத்தான். உப்புத்தாளால் பொறுமையாகத் துருவை எடுத்தான். தீட்டுகல்லில் தண்ணீர் விட்டு, தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும்வரை தீட்டினான். தோல்வாரில் இழுத்தான். பிறகு தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கூரின்மேல் வைத்தான். முடி சத்தமில்லாமல் இரண்டானது. வாயெல்லாம் பல்லாக மெய்-சூவைக் கூப்பிடப் போனவன், இன்னும் ஒரு முடியை முனைப்பக்கம் வைத்துப் பார்த்தான். அங்கே சிக்கியது.

விளக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். துரு போன இடத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. துருக்கறைதான், வேறு என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கத்தியை நகத்தால் சுண்டினான். நல்ல இரும்பு கணீரென்னும். இது டொக்கென்றது. விரிசல் விட்ட இரும்பின் சத்தம் மெக்கானிக்குக்குத் தெரியாதா?

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் "பார்த்தீங்களா, உடைச்சுட்டீங்க" என்பார் கிழவர். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினான், மடையன். ராத்திரியில் மகளின் தலையைத் தடவும்போது உச்சிக்குழி அவன் விரலுக்கடியில் துடிக்கும். கையைச் சட்டென்று எடுத்துக்கொள்வான்.

மாதம் நிறைந்த நாளும் வந்துவிட்டது. வீடெல்லாம் விருந்துக்குச் சமைத்த எண்ணெய்ச் சோற்று வாசனை. மேசையில் சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள். முடி எடுக்க வந்த பாவ்-யிங், மெய்-சூவின் மடியில் கிடந்த குழந்தையின் தலையில் முட்டைக் கருவைத் தடவினாள். பிறகு கத்தியை விரித்துப் பார்த்தாள்.

"அட, கண்ணாடி மாதிரி இருக்கே. யார் தீட்டுனது?"

"நம்ம மாப்ளைதான்," என்றார் தியென்-சூ. முதல் தடவையாக அவர் குரலில் பெருமை இருந்தது. அதை உடைக்க குவாங்-தேவுக்கு மனம் வரவில்லை. பாவ்-யிங் குழந்தையின் தலையை இடது கையில் ஏந்திக்கொண்டாள்.

"முதல்ல எனக்கு எடுங்க," என்றான் குவாங்-தே.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு மாதம் நிறைஞ்சு முப்பது வருஷம் ஆச்சே மாப்ளே," என்றார் தியென்-சூ.

அவன் முக்காலியை மெய்-சூவின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒட்ட வெட்டிய தலையைக் குனிந்து கொடுத்தான். பாவ்-யிங் சிரித்துக்கொண்டே தண்ணீர் தெளித்தாள்.

கத்தி நெற்றியிலிருந்து மேலே ஏறியது. அவன் முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினான். ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்தது குழந்தை. அது உறைத்ததும், ஏதாவது ஆகட்டும், சீக்கிரம் ஆகட்டும் என்று வேண்டினான்.

உச்சிக்கு வந்ததும் 'டிக்' என்றது.

"கத்தி சிக்குதே," என்றாள் பாவ்-யிங். கையை எடுத்தாள். முனையில் நெல்மணி அளவு இரும்பைக் காணவில்லை. அது அவன் உச்சந்தலையில் குத்திக்கொண்டு நின்றது. அவள் நகத்தால் பிடுங்கினாள். ரத்தம் அவன் மூக்குவரை வழிந்தது.

தியென்-சூ கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடைந்த இடத்தில் பாதிக்கு மேல் பழைய கறுப்பு. விரிசல் பழசு, மாப்பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"நம்பியிருப்பீங்களா மாமா?"

தியென்-சூ தன் கைக்குட்டையை மடித்து அவன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார்.

பாவ்-யிங் பையிலிருந்து தன் கத்தியை எடுத்து அதில் புதுப் பிளேடை மாட்டினாள். குழந்தையின் பக்கம் குனிந்தவள் நிமிர்ந்தாள். கிழவரின் இன்னொரு கை குழந்தையின் உச்சிக்குழியை மூடியிருந்தது.

"கையை எடுங்கய்யா. நான் எப்படி முடி எடுக்கிறது?"

"சுத்தி எடு. இங்க வேணாம்," என்றார் தியென்-சூ. அவள் முடிக்கும்வரை இரண்டு தலையிலிருந்தும் அவர் கையை எடுக்கவில்லை.