மண்டபத்தில் நான் சொன்ன காரணம்

செவ்வாய், 4 மார்ச் 2025

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். உடற்பயிற்சி வகுப்புக்குச் சாம்பல் நிறக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். காலையில் துவைத்த கறுப்புக் காற்சட்டை மழையில் காயவில்லை. ஈரத்தோடு அதையே போட்டிருக்கலாம். போகாமலே இருந்திருக்கலாம். எது சரி என்று இப்போதும் தெரியவில்லை.

வகுப்பு மஹய்யாவையில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடக்கிறது. வேலை முடிந்து வரும் பெண்களுக்கு சஞ்சீவனி மிஸ் சொல்லித் தருகிறார். மண்டபத்துக்குப் பொறுப்பான பொன்னுத்துரை ஐயா வாடகை கேட்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டுக்கு விலக்கான நாட்களில் யாரும் உள்ளே வரக் கூடாது. நாங்கள் எல்லோரும் சரி என்றுதான் சேர்ந்தோம்.

குதித்தால் எனக்குச் சிறுநீர் கசிகிறது. யாருக்கும் சொன்னதில்லை. மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். புடவைக் கடையில் வேலை முடிந்ததும் கழிவறைக்குப் போவேன். மண்டபத்துக்கு வந்ததும் மறுபடி போவேன். துணி வைத்துக்கொள்வேன். இத்தனை செய்தும் குறையவில்லை.

இன்று மிஸ் கயிறு அடித்துக் குதிக்கச் சொன்னார். மாநகர சபையில் வேலை செய்யும் சீதாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், என்னய விட்டுருங்க. மூணு பெத்த ஒடம்பு இது. ரெண்டு குதி குதிச்சேன்னா அப்புறம் மண்டபத்தக் கழுவத்தான் வேணும்."

"எனக்கு இருமினாலே போதும்க்கா," என்றாள் கலாராணி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சீதாக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ என்னாத்துக்குடி சிரிக்கிற? ஒனக்குப் புள்ளையா குட்டியா? எங்களுக்கும் சேத்து நல்லாக் குதி!"

குதித்தேன். கயிறு காலில் சிக்கியது. மறுபடி தொடங்கினேன். அப்போதுதான் நனைந்தது. நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. தொடை வரைக்கும் இறங்கிவிட்டது.

"நிலூ, பின்னால என்னடி?" என்றார் சீதாக்கா.

"வந்துருச்சுக்கா," என்றேன்.

மாதவிலக்கு என்றால் பெண்கள் மேலே கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வேறு எந்த இடத்திலும் அப்படித்தான் முடிந்திருக்கும். நின்றது கோயில் மண்டபம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சீதாக்கா துவாயை என் இடுப்பில் சுற்றிவிட்டார். ஆனால் முகம் மாறிவிட்டது.

"அடுத்த வாரம் கொடியேத்தத்த வச்சுக்கிட்டு... தேதி தெரியாதாடி ஒனக்கு?"

கலாராணி மஞ்சள் தண்ணீர் எடுத்து வரப் போனாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

புதன், 5 மார்ச்

போகாமல் இருக்க நினைத்தேன். போனேன். மண்டபம் பூட்டியிருந்தது. பெண்கள் பையும் போத்தலுமாகப் படியில் நின்றார்கள். யாரோ சொல்லி, பொன்னுத்துரை ஐயாவின் காதுக்கு விஷயம் போயிருந்தது. இனி வகுப்புக்கு மண்டபம் இல்லை என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு ரத்தத்துல சீனி கூடுற வருத்தம். டொக்டர் ஒடம்ப அசைக்கச் சொல்றாரு," என்றாள் கலாராணி, என்னைப் பார்க்காமல். "இங்கன விட்டா எங்க போறது? ரோட்டுலயா குதிக்கிறது?"

மிஸ் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நிலூஷா, தெரிஞ்சேதான் உள்ள வந்தீங்களா?"

ஆம் என்றாலும், உள்ளே வந்த பிறகுதான் வந்தது என்றாலும் மண்டபம் திரும்பக் கிடைக்காது. கிடைக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"அது வரல மிஸ். குதிச்சப்ப ஒண்ணுக்குப் போயிருச்சு. வெக்கத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

சீதாக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி, இதுக்கா? எங்க எல்லாருக்கும் போறதுதானடி! ஆனா புள்ள பெத்தவளுகளுக்குத்தான் இந்தக் கூத்து, ஒனக்கு ஏன்..."

"நானும் பெத்தேன்க்கா."

அந்தச் சொற்களை மஹய்யாவையில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. போன சித்திரையில், புசல்லாவையில் இருந்தபோது, எட்டாம் மாதத்தில் பிறந்தாள். அழவில்லை. அடுத்தது வரும், இதைப் பேசாதே என்றார் மாமியார். பேசக் கூடாது என்றுதான் தெரிந்தவர்கள் இல்லாத இந்த இடத்துக்கு வந்தோம். பிள்ளை பெற்றவர்களின் கஷ்டத்தையெல்லாம் என் உடம்பு வைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களைப் போல அதைச் சொல்லிச் சிரிக்க, வீட்டில் பிள்ளை இல்லை.

சீதாக்கா என் கிட்டே வந்து கேட்டார்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"பேரு?"

"வைக்கலக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சீதாக்கா தன் குடையை விரித்து, ரோட்டில் போகிறவர்களுக்கு என் முகம் தெரியாதபடி பிடித்துக்கொண்டார். "நேத்து நான் கேட்ட கேள்விக்கு நீ என்னய அறைஞ்சிருக்கணும்," என்றார்.

மிஸ் பொன்னுத்துரை ஐயாவின் வீட்டுக்குப் போய்வந்தார். "நாங்க தப்பா விளங்கிட்டோம்னு மட்டும்தான் சொன்னேன். உங்க கதையச் சொல்லல. திங்கக்கிழம திறந்து விடுறாராம்." பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் அவசரப்படுத்துமாம். பிரசவத்தில் தளர்ந்த, சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கிப் பழக்கப் பயிற்சி இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் அதைச் சரியாகச் சொல்லித் தருவார்களாம். அதுவரை கயிறு வேண்டாம், நடக்கலாம் என்றார். இது பிள்ளை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமான வைத்தியம் என்று நான் ஏன் நினைத்துக்கொண்டிருந்தேன்?

வீட்டுக்கு வந்து என் கணவர் ஜனகனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியா?"

"சொல்ல வேண்டி வந்துருச்சுங்க. பேரு கேட்டாங்க. வைக்கலன்னேன்."

குழாயை மூடினார். திரும்பவில்லை.

"நான் ஒண்ணு வச்சிருந்தேன்," என்றார்.

முதுகு குலுங்கியது. என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ? பக்கத்தில் போய் நின்றேன். அது போதுமா என்று தெரியவில்லை.

சீதாக்கா அரை நாள் லீவு போட்டுக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பிரசவத்தின்போது கொடுத்த கிளினிக் கார்டைக் கொண்டுவரச் சொன்னார். அது அலுமாரியின் மேல்தட்டில், வாங்கி வைத்த சின்னச் சட்டைகளோடு ஒரே பைக்குள் இருக்கிறது. அந்தப் பையை நாங்கள் இன்னும் திறக்கவில்லை.

நாளை விடிந்ததும் பையைத் திறந்து கார்டை எடுக்க வேண்டும். முதல் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க வேண்டும்.