இரண்டாம் கியரின் அடியில்

அந்தக் காரின் கியர்ப் பிடியைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். விடும்போதும் சட்டென்று விடாது. மனசே இல்லாமல், மெல்லிய ஒரு சத்தத்தோடு விடும். ஸ்டியரிங்கும் அப்படித்தான், எத்தனை துடைத்தாலும். வெயிலில் கிடந்த பலாச்சுளையைப் பிடித்த மாதிரி இருக்கும்.

சாருலதா பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கையை விட்டு, கழுவி, மறுபடியும் விட்டு, மறுபடியும் கழுவுகிறவள். கோபாலபுரத்தில் வீட்டின் கீழ்த்தளமே கிளினிக். பேனாவைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத்தான் எடுப்பாள். அப்படிப்பட்டவள் தன் காரில் ஏறினால் மட்டும் கியரின் தலையில் ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பாதியாக விட்டுக்கொண்டு ஓட்டினாள். உள்ளே ஒரு வாடை வேறு. இனிப்பும் சிக்கும் கலந்த வாடை. பழைய எண்ணெய்ச் சட்டியை யாரோ இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தது போல.

கார் என்றால் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற கார் இல்லை. ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, பவர் ஸ்டியரிங் கிடையாது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஆசையாக இறக்குமதி செய்து, கண் மங்கியதும் அவளுக்கு விற்றார். சாருலதா வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் வாங்கியது அது ஒன்றுதான்.

ஒரு வருஷமாக அதில் இரண்டாம் கியர் விழ மாட்டேன் என்றது. இடது கையால் இழுத்து, தள்ளி, மறுபடி இழுத்து, கெஞ்சாத குறையாகப் போட வேண்டியிருந்தது. அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பல் டாக்டருக்கு வலது கை வேலை செய்யும், இடது கை வாய்க்குள் கண்ணாடி பிடிக்கும். கண்ணாடி நடுங்கினால் வேலை போச்சு. எலும்பு டாக்டர் ஊசி போட்டார். அடுத்த தடவை, "இனிமே ஊசி கிடையாது. காரா, கிளினிக்கா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

பக்கத்தில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கன் தலையை ஆட்டினார். அவள் கணவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் விபத்துகளையே பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் காரைப் பார்த்தால் கார் தெரியும். அவருக்கு நசுங்கின கார் தெரியும்.

"கொடுத்துடலாமே சாரு. வாங்கிக்கறேன்னு அந்த ஆழ்வார்பேட்டைக்காரர் இப்பவும் கேட்டுண்டுதான் இருக்கார்" என்றார் வெளியே வந்ததும்.

"கொடுக்க மாட்டேன். வேற வழி இருக்கான்னு பாக்கறேன்."

வழி என்று அவள் கண்டுபிடித்தது முதஸ்ஸிரின் பட்டறை. தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், துணிக்கடைக் கிடங்குகளுக்கு நடுவில் இருந்தது. பழைய கார்களுக்கு ஸ்டியரிங், கியர் எல்லாம் மாற்றித் தருவதில் அவர்களுக்கு அப்பா காலத்துப் பெயர். முதஸ்ஸிருக்கு வாய் ஓயாது. சாருலதா பழைய ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு, வழவழப்பான சின்ன வீல் ஒன்றைப் போடச் சொன்னாள்.

"சின்ன வீல் கெத்தா இருக்கும் மேடம். ஆனா கை வலிக்கும், சொல்லிட்டேன்."

"பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்லயே சின்னதுதானே?"

"அதுல பவர் கீது. உங்களுதுல நீங்கதான் பவர்."

அவள் கேட்கவில்லை. ஒட்டாத ஒன்றைக் கையில் பிடித்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. பழைய வீலின் தோலை உரித்துப் புதுத் தோல் தைக்க ஒரு ஓரமாகக் கொடுத்து வைத்தாள். கியரின் தலைக்கு எஃகுக் குண்டு ஒன்று திருகினாள். எல்லாம் பளபளவென்று இருந்தது. பாண்டி பஜாரில் வண்டியை ஓரம் கட்டித் திருப்பும்போதுதான் புத்தி வந்தது. ஆட்டுக்கல் சுற்றுவது போல இருந்தது. இரண்டாம் கியரோ, தலையில் குண்டு வைத்தும் மசியவில்லை. வீட்டுக்கு வந்து மணிக்கட்டில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் சொன்னேனே" என்று ஸ்ரீரங்கன் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது போல அவளுக்குப் பட்டது. பட்டதை உதறிவிட்டாள்.

கடைசி முயற்சி, கியரின் கம்பியையே மாற்றுவது. குட்டைக் கம்பி போட்டால் கொஞ்சம் அசைத்தாலே கியர் விழுமாம், எங்கேயோ படித்திருந்தாள். இதற்கு உள்ளே பிரித்தாக வேண்டும். "பிரிக்கறப்போ நான் பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லிப் போனாள். ஸ்ரீரங்கனும் வருகிறேன் என்று கூடவே ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

இனிமேல் வருவதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள், கண்ணுகளா. அப்புறம் சாப்பிடலாம்.

முதஸ்ஸிர் கியரைச் சுற்றியிருந்த தோல் பையை அவிழ்த்தான். அதற்குக் கீழே, தூசி போகாமல் இருக்க ஒரு ரப்பர் உறை. அது வாய் பிளந்து கிழிந்திருந்தது. வாடை குப்பென்று மேலே வந்தது. பட்டறை ஆட்கள் ரெண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குப் போனார்கள்.

"கம்பி ஒரு கிண்ணத்துல உக்காரும் மேடம். அதுல எண்ணெய் இருக்கணும். அதுல வழுக்கிக்கினுதான் கியர் திரும்பும்" என்று சொல்லிக்கொண்டே கம்பியை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கும் சத்தத்தோடு வந்தது.

கிண்ணத்தில் எண்ணெய் இல்லை. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு களி நிரம்பி, கிண்ணத்துக்கு வெளியேயும் வழிந்து, அடுக்கடுக்காக உறைந்து கிடந்தது. ஓரங்களில் பச்சையாகப் பூஞ்சை. மேலே எறும்பு வரிசை. கரப்பான் முட்டைகள், காய்ந்த அவரை விதை போலச் சொருகி நின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில், அப்பளமாகத் தட்டையாகி, வாலோடு ஒரு சுண்டெலி. கம்பியின் நுனியிலிருந்து ஒரு நூல் நீண்டு, நீண்டு, அறுந்து, முதஸ்ஸிரின் சட்டைக் கையில் விழுந்தது.

"அஸ்தக்ஃபிருல்லா" என்று அவன் கம்பியைக் கீழே போட்டான். "இன்னா மேடம் இது? வண்டிக்குள்ள பந்தி போட்டீங்களா? எங்க வேலைல எல்லாம் பாத்துட்டேன், இத பாத்ததில்ல. நான் தொட மாட்டேன். என் ஆளுங்களும் தொட மாட்டாங்க."

சாருலதாவுக்கு வாயில் உமிழ்நீர் சுரந்தது. வாந்திக்கு முன்னால் சுரக்குமே, அந்த உமிழ்நீர். இத்தனை நாள் இதன் மேல்தான் கையை வைத்துக்கொண்டு ஓட்டினாளா? இந்த மூச்சைத்தானா உள்ளே இழுத்தாள்? ஆனால் அழுகினதைக் கண்டால் ஓடுவது அவள் தொழிலில் இல்லை. பையிலிருந்து கையுறையும் முகக்கவசமும் எடுத்து மாட்டிக்கொண்டாள். கிளினிக்கில் சொத்தைப் பல்லைப் பார்க்கிற அதே சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, ஊசியால் ஓரத்தைக் கிளறினாள்.

ஒரு முந்திரி வந்தது, பாதியாக உடைந்தது. பிறகு ஏலக்காய்த் தோல். குழைந்த அரிசி. ஒரு துளசிக் காம்பு. கிளறக் கிளற, சிக்கு நெய் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்லத் தலை தூக்கியது. பச்சைக் கற்பூரம்.

அவள் நிமிர்ந்தாள். ஸ்ரீரங்கன் வாசல் கேட்டருகே, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எதிரே துணிக் கிடங்கின் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்கோ."

"எதுக்கு? நாத்தம் தாங்கலை."

"பச்சைக் கற்பூரம் வாசனை வர்றது. எலி எங்கேர்ந்து கொண்டு வரும் பச்சைக் கற்பூரம்?"

அவர் கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார். "பிரசாதம்."

"என்னது?"

"பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கல். அடையாறு பாலத்துல மழையில உன் வண்டி வழுக்கித்தே, அன்னிலேர்ந்து. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பிடி. சின்னப் பிடிதான், சாரு. வெச்ச கையாலேயே ஸ்டியரிங்கையும் கியரையும் தொட்டுக் கும்பிட்டுப்பேன்."

"வாராவாரமா சார்?" என்றான் முதஸ்ஸிர். "ஒரு குடும்பமே சாப்டிருக்குமே."

"நீங்க சும்மா இருங்கோ" என்றார் ஸ்ரீரங்கன். அப்புறம் மனைவியிடம், "நம்மாத்துல தையல் மெஷினுக்கும் வெப்போமே. ஓடற சாமானுக்கு ஒரு வாய் வெக்கறது வழக்கம்தானே."

"தையல் மெஷினுக்குப் பக்கத்துல வெப்போம். தொண்டையில திணிக்க மாட்டோம்."

"முன்னாடி டாஷ்போர்டு மேல வெச்சா நீ துடைச்சுப் போட்டுடுவே. உன் கண்ணுக்கு ஒரு பருக்கை தப்பாதே. அதான் அந்தத் தோலைத் தூக்கி உள்ளே..."

சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முதஸ்ஸிர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். சாருலதாவுக்கே உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. பயந்த மனுஷன், பயத்தில் பண்ணின அசட்டுத்தனம் என்று அதோடு விட்டிருப்பாள். ஆனால் கையிலிருந்த கண்ணாடியில் அந்தக் களி தெரிந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது.

"கியர் இறுகினது இதனாலதான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

ஸ்ரீரங்கன் கைக்குட்டையை மூக்கில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஆயிரம் விபத்து வண்டியைப் பிரிச்சுப் பாத்தவர் நீங்க. தோலைத் தூக்கறப்போ வாடை வந்திருக்காதா? எறும்பு தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"உனக்குக் கை வலிக்க ஆரம்பிச்சப்போ."

"அப்புறமும் வெச்சேளா?"

"நிறுத்தினா அபசாரமோன்னு..." கைக்குட்டை இப்போதுதான் கீழே இறங்கியது. "நிஜத்தைச் சொல்லிடறேன் சாரு. நீயா இந்த வண்டியை விட்டுட்டா நன்னா இருக்கும்னு இருந்தது. நான் சொன்னா கேக்க மாட்டே. பெருமாளே பாத்து ஏதோ ஏற்பாடு பண்றார்னு நினைச்சுண்டேன்."

சாருலதா அவரையே பார்த்தாள். ஊசி போட்ட அன்று டாக்டர் அறையில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். ஊசி மணிக்கட்டுக்குள் இறங்கியபோது அவள் பல்லைக் கடித்தாள். அவர் அவள் தோளைத் தடவினார். தடவின கையும், சனிக்கிழமை தோலைத் தூக்கின கையும் ஒரே கை. கிண்ணத்தில் கிடந்த எலியைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் இப்போது வந்தது. எலிக்கு என்ன தெரியும், பாவம். இனிப்பு என்று வந்து மாட்டிக்கொண்டது.

அவள் கையுறையைக் கழற்றிப் போட்டாள். பையிலிருந்து புது ஜோடி எடுத்து நீட்டினாள்.

"எடுங்கோ."

"நானா? எனக்குக் குமட்டறதே."

"குமட்டட்டும்."

"பட்டறையில ஆள் இருக்காளே..."

"நாங்க தொட மாட்டோம் சார்" என்ற முதஸ்ஸிர், ஒரு முக்காலியை மட்டும் காருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தான்.

ஸ்ரீரங்கன் சுரண்டினார். சாருலதா மேலே நின்று டார்ச் பிடித்தாள். முதல் சுரண்டலிலேயே அவர் எழுந்து சாக்கடைக்கு ஓடினார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எலியின் வாலை இரண்டு விரலால் தூக்கினார். வால் மட்டும் வந்தது. மறுபடியும் சாக்கடை. திரும்பி வந்தபோது கண்ணில் நீர் வழிந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. நோயாளிகளிடம் பேசுகிற குரலில், "இன்னும் பின்னாடி இருக்கு. இடது ஓரத்துல. விட்டா மறுபடியும் அழுகும்" என்றாள். கடைசிப் பருக்கை வரைக்கும் நின்றாள்.

பிறகுதான் முதஸ்ஸிர் பக்கத்தில் வந்தான். டீசல் ஊற்றிக் கழுவினான். கிண்ணத்துக்குப் புது நைலான் வளையம், புது ரப்பர் உறை, புது எண்ணெய். "குட்டைக் கம்பி போடட்டுமா மேடம்?"

"என்ன ஆகும்?"

"தூரம் கம்மி, ஆனா தம் கட்டி இழுக்கணும். சின்ன வீலு கதைதான்."

"வேண்டாம். பழைய கம்பியையே போடுங்க. பெரிய வீலையும் மாட்டிடுங்க." ஒரு தடவை பட்டது அவளுக்குப் போதும்.

புதுத் தோல் தைத்த பெரிய வீலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காய்ந்த, சுத்தமான தோல். கியரை அசைத்தாள். ஒன்று. இரண்டு. இரண்டே விரலால் விழுந்தது, நல்ல பூட்டில் சாவி திரும்புவது போல. அவளுக்கு நம்பிக்கை வராமல் மறுபடி எடுத்து மறுபடி போட்டாள்.

ஸ்ரீரங்கன் இடது பக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"நீங்க ஆட்டோல வாங்கோ."

"சாரு, கையலம்பிட்டேன். சோப்புப் போட்டு."

"ஆட்டோல வாங்கோ."

கோபாலபுரத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. கூரையை மடக்கிவிட்டு நேராகப் போனாள். போகப் போக ஸ்டியரிங் இலேசாகியது. வண்டி உருளும்போதே திருப்பினால் கை நோகாது என்று கண்டுகொண்டாள். பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகளுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினாள். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் ரோட்டோரம் ஓடியது. வழக்கமாக மூக்கைப் பொத்துகிறவள் இன்று ஆழமாக மூச்சை இழுத்தாள். மீன் நாற்றம் மீன் நாற்றம்தான். அது வேறு எதுவுமாக வேஷம் போடவில்லை.

ஆழ்வார்பேட்டைக்காரருக்கு அவளே போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை, இனிமேல் என் கணவரைக் கேட்காதீர்கள் என்று சொன்னாள். வைத்த உடனே போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"வந்துட்டேன் சாரு. தயிர்சாதம் பிசைஞ்சு வெக்கட்டுமா? நீ வந்ததும் சாப்பிடலாம்."

தினமும் அவர்தான் பிசைவார். பால் விட்டு, கையால் மசித்து, அவளுக்குப் பிடித்த பதத்தில். சாருலதாவின் கண்முன் அந்த ஐந்து விரல்களும் சாதத்தில் புதைந்து எழுந்தன.

"வேண்டாம்" என்றாள். "நானே போட்டுக்கறேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

அவள் இடது மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தாள். வலி இருந்தது. ஆனால் காலையைவிடக் குறைவு.

"தெரியலை" என்று போனை வைத்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.