அடிக்காத போன்

நாற்பத்தாறு வயதாகியும், தலை பாதி வெளுத்தும், அவனுக்குச் சின்னவன் என்ற பெயர்தான். அண்ணன் வைத்தது. அண்ணன் இருந்தவரை வாய்க்கு வாய் அப்படியே கூப்பிட்டான். இப்போது கூப்பிட ஆள் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் ஒரு மாடி அறையில் இருபது பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் போனை வாங்கி ஏமாந்தவர்கள். போன் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். கூப்பிடுகிறவர் காதில் மணி அடிக்கும், இங்கே பையில் கல் மாதிரி கிடக்கும். சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே முழித்துக்கொண்டு, இன்னின்னார் கூப்பிட்டார்கள் என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி காட்டும். எப்போதும் இப்படியென்றாலாவது தூக்கி எறிந்திருப்பார்கள். இஷ்டம் வந்தால் அடிக்கும், இல்லையென்றால் அடிக்காது. கம்பெனிக்காரனைக் கேட்டால் வாரம் ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னான். ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வாய் கூசாமல் அதைச் சொன்னான்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். கம்பெனி இறங்கி வந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு புது போன், கொஞ்சம் நஷ்ட ஈடு. வாங்கிக்கொள்கிறவர்கள் இனி இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. வேண்டாமென்றால் வழக்குப் போடலாம், ஆனால் இழுக்கும்.

"குடுக்கறதை வாங்கிட்டுப் போயிடலாங்க," என்றார் சலூன்காரர். "கோர்ட்டு வாசல்ல நான் நின்னா என் கடையில யாரு நிப்பா?"

"புது போனும் அவனோடதுதானே," என்றாள் ஒரு டீச்சர். "அதுவும் அடிக்கலைன்னா யாரைப் போய்க் கேக்கறது? இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க, எனக்குத் தெரியவே இல்ல. அந்த வேலை இப்ப வேற ஒருத்தி பாக்கறா."

பின்வரிசையில் ஒரு தடித்த ஆள் தொண்டையைச் செருமினார். "பத்து வருஷமா வீட்டுக்காரி கூப்பிட்டா நான் எடுக்கறதில்ல. இப்பத்தான் உருப்படியா ஒரு காரணம் கெடைச்சிருக்கு. கேஸ் போட்டு அதையும் கெடுத்துடாதீங்க."

அறையே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சின்னவனைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த இருபது பேரில் உயிரை இழந்த வீடு அவன் ஒருவனுடையதுதான். வழக்கு நிற்க வேண்டுமென்றால் அது அவன் அண்ணன் சாவின் மேல்தான் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"எனக்குப் பணம் வேண்டாம்," என்றான் சின்னவன். "போன்தான் தப்புன்னு ஜட்ஜ் நாற்காலியில ஒருத்தர் உக்காந்து சொல்லணும். அது போதும்."

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டான். இந்தப் பேச்சு வந்தாலே அவன் குரல் உயர்ந்துவிடுகிறது.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். அன்று உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தான். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அண்ணி பேக்கரியில் பில் போடுகிறவள். வேலை நேரத்தில் போனை உள்ளறையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் அவளைக் கூப்பிட்டுப் பயனில்லை என்று அண்ணனுக்குத் தெரியும். சின்னவன் வேலை பார்க்கும் கண்ணாடிப் பட்டறையோ அடுத்த தெருவில். சரக்கு ஏற்றும் வண்டி வாசலிலேயே நிற்கும், சாவி ஆணியில் தொங்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான். அடுத்தடுத்து இரண்டு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

டீ வந்தபோதுதான் சின்னவன் பையிலிருந்து போனை எடுத்தான். எடுக்காத அழைப்புகள் மூன்று. மூன்றும் அண்ணன். வேறு யாரும் அன்று காலை அவனைக் கூப்பிடவில்லை. திருப்பிக் கூப்பிட்டான், யாரும் எடுக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். அண்ணன் வாசல் கதவருகே கிடந்தான், ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியிருந்தது.

"போன் கையில இல்லையா தம்பி?" என்று அண்ணி அன்றைக்குக் கேட்டாள்.

"இருந்துச்சு அண்ணி. அடிக்கல."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் நிற்கவைத்தே பதில் சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள்கூட சித்தப்பா என்று ஓடி வரத் தயங்கின. சின்னவனுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு வீடுதான். கல்யாணம் என்று ஒன்றை அவன் பண்ணிக்கொள்ளவில்லை, பண்ணிக்கொள்ளச் சொல்லி அண்ணன் கெஞ்சியும் பிடிகொடுக்கவில்லை. அந்த வாசலில் நின்று திரும்பி நடக்கும் ஒவ்வொரு நாளும் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம்தான் அந்த மாடல் போனில் கோளாறு என்ற செய்தி பேப்பரில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினான். அவள் படித்தாள், மறுபடியும் படித்தாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன்னைப் போய்த் தப்பா நெனச்சுட்டேனே தம்பி. மனசுல வெச்சுக்காத." அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மறுபடியும் அவனுக்கு அங்கேதான் சாப்பாடு. பெரிய பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், சின்னவள் அவன் மடியிலேயே தூங்கிப்போவாள். கம்பெனிக்காரன் செய்த அயோக்கியத்தனத்துக்குச் சின்னவன் உள்ளுக்குள் நன்றி சொன்ன நாட்களும் உண்டு.

கடைசியில் வழக்குப் போடுவது என்றே முடிவானது, ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. போனை வாங்கிக்கொடுத்தது அண்ணன், ரசீதும் அண்ணன் பெயரில்தான் இருந்தது. ஆகவே வழக்குப் போட அண்ணி கையெழுத்து வேண்டும்.

"அவரு என்ன திரும்பி வரவா போறாரு," என்று அண்ணி இழுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உன் மனசு ஆறும்னா போடறேன்," என்றாள்.

வக்கீலம்மா இன்னொன்றும் கேட்டாள். போன் அடிக்கவில்லை என்று சொல்ல, அன்றைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆள். சின்னவன் யோசிக்கவே இல்லை. பட்டறையில் கண்ணாடிக்கு மறுமுனை பிடிக்கும் கூட்டாளி இருந்தான். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பேச்சு அதிகமே தவிர நாக்கில் பொய் வராது. கேட்டதுமே, "எங்க வேணா வந்து சொல்றேண்ணே, இது ஒரு விஷயமா?" என்று கிளம்பிவிட்டான். இந்த நாளுக்காகப் புதுச்சட்டை வேறு.

வக்கீலம்மாவின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே. குறுகலான படி, உள்ளே மூன்று நாற்காலி, ஒன்றுக்குக் கால் ஆடும். ஆடுகிற நாற்காலியில் சின்னவன் உட்கார்ந்தான். அண்ணி பேக்கரி சீருடையோடு நேராக வந்திருந்தாள், கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கவுன்ட்டருக்குப் போக வேண்டும். ரேடியோ நின்றுகொண்டே பேசினான்.

"அன்னைக்கு இவர் போன் அடிச்சுதா?" என்று வக்கீலம்மா ஆரம்பித்தாள்.

"அடிக்கலைங்க."

"பட்டறையில சத்தம் இருக்கும். உங்களுக்குக் கேக்காம இருந்திருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் மொதல்ல கேப்பாரு."

"அதுக்குக் காதே தேவையில்லைங்க," என்றான் ரேடியோ உற்சாகமாக. "போன் அடிச்சா அண்ணன் தட்டுவாரு. தட்டலைன்னா அடிக்கலைன்னு அர்த்தம்."

"தட்டறதுன்னா?"

"கண்ணாடி மேல கோடு இழுக்கறப்ப கையை நிறுத்தக் கூடாதுங்க. நடுவுல நின்னா அந்த எடத்துல விரிசல் வேற பக்கம் ஓடிடும், மொத்தக் கண்ணாடியும் போச்சு. அதனால அந்த நேரம் போன் வந்தா எடது கையால சட்டைப் பையை ஒரு தட்டு. ஓரத்துல இருக்கற பட்டன் அமுங்கும், கால் கட்டாகி போன் வாயை மூடிக்கும். பட்டறையில எல்லாருமே அப்படித்தான். கொசு அடிக்கற மாதிரி. தட்டினமான்னு நமக்கே தெரியாது."

இடது கையால் தன் புதுச்சட்டைப் பையைத் தட்டியும் காட்டினான். சின்னவனுக்குத் திருப்தியாக இருந்தது. நல்ல சாட்சி, இதை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டான். வக்கீலம்மா எழுதிக்கொண்டே கேட்டாள், "ஆக அன்னைக்குக் காலையில இவர் தட்டவே இல்ல."

"ஒரே ஒரு தடவைதாங்க தட்டினாரு."

பேனா நின்றது.

ரேடியோவுக்கு அது புரியவில்லை. "ஓட்டல் வாசக் கதவுக்குப் பெரிய கண்ணாடி, நான்தான் மறுமுனை புடிச்சிருந்தேன். டீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால. பாதிக் கோட்டுல ஒரு தட்டு தட்டினாரு. அவ்வளவுதான். மொதல்ல ரெண்டு தடவை கூப்பிட்டாராமே பெரியவரு, அப்பல்லாம் தட்டவே இல்ல. அதைத்தான் சொல்ல வந்தேன். மூணுல ரெண்டு அடிக்கவே இல்லைங்க. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் கம்பெனிக்காரனுக்கு?"

சின்னவன் தன் இடது கையைப் பார்த்தான். அது தொடைமேல் சும்மா கிடந்தது. ஞாபகத்தைப் போட்டுக் குடைந்தான். ஓட்டல் கண்ணாடி ஞாபகம் இருந்தது. அளவு ஞாபகம் இருந்தது. கோடு பிசிறில்லாமல் ஒரே மூச்சில் போனதும், முதலாளி வந்து தடவிப் பார்த்துத் தலையாட்டியதும் ஞாபகம் இருந்தது. தட்டியது மட்டும் இல்லவே இல்லை. ரேடியோ பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் ரேடியோ பொய் சொல்ல மாட்டான், அண்ணிக்கும் அது தெரியும். 

அண்ணிதான் பேசினாள். ரேடியோவைப் பார்த்துக் கேட்டாள். "அந்தக் கண்ணாடி உடையலையே?"

"எங்கக்கா உடையும்? அண்ணன் கை அப்படி. இப்பவும் அந்த ஓட்டல் கதவுல ஜம்முனு நிக்குது."

"நல்லது," என்றாள் அண்ணி.

வக்கீலம்மா ரேடியோவைக் கீழே போய்க் காத்திருக்கச் சொன்னாள். கதவு சாத்தியதும் குரலைத் தணித்துக்கொண்டாள். "இவரை நாம கூப்பிட வேண்டாம். வேற சாட்சி இல்லாமயே பாத்துக்கலாம். மொத ரெண்டு தடவை அடிக்கலைங்கறது உண்மைதானே. அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டரும் சொல்லியிருக்காரு."

"மூணாவது தடவை?" என்று அண்ணி கேட்டாள்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"பொழைச்சிருக்கலாம்."

"பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்."

அண்ணி தலையாட்டினாள். மேஜையிலிருந்த பேனாவைத் தானே எடுத்தாள். "எங்க எங்க போடணும்?" என்று கேட்டு, வக்கீலம்மா விரல் வைத்த இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். சின்னவனுக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தான், அந்த நினைப்பில் கண் கலங்கியது. பாவம், கொஞ்ச நேரத்துக்காவது அவனுக்கு அது கிடைத்தது.

படியில் அவள் முன்னால் இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள், ஆனால் திரும்பவில்லை.

"கேஸ் நடக்கட்டும். ஜெயிக்கட்டும். போன்தான் தப்புன்னு ஊர் சொல்லட்டும். புள்ளைங்களுக்கும் அப்படியே இருக்கட்டும், சித்தப்பாவை வெறுத்துட்டு அதுங்க வளர வேண்டாம்."

"அண்ணி, எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமா அவருன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரியும். நீ பொய் சொல்லல. பாக்காமத்தான் தட்டின." அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தடவை எடுக்கலைன்னாலும் எந்தம்பி எடுப்பான்னு மூணாவது தடவை கூப்பிட்டிருக்காரு. பாதியிலயே மணி நின்னுருக்கும். அவருக்கு என்ன தோணியிருக்கும்னு நெனச்சுப் பாக்கறேன். என்னால முடியல."

 சின்னவனுக்கு அடுத்த படிக்குக் காலை எடுத்து வைக்கவும் பயமாக இருந்தது.

"உன் முகத்தைப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வரும். இனிமே நீங்க ஞாயித்துக்கிழமை வர வேண்டாம். புள்ளைங்ககிட்ட ஏதாவது வேலைன்னு நான் சொல்லிக்கறேன்."

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் அவனை நீங்க என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தெருவில் கூட்டம் இருந்தது. பேக்கரிச் சீருடையின் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

மருந்துக்கடை வாசலில் ரேடியோ நின்றுகொண்டிருந்தான். அக்கா ஏன் ஒன்றுமே பேசாமல் போகிறார்கள் என்று குழம்பிப்போய், சின்னவன் இறங்கி வந்ததும் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன," என்றான் சின்னவன்.