சுவரில் கொக்கி இல்லாத ஊர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக்கேட்டேன். மெரிதாவில் எங்கள் வீட்டுக்கும் ரில்மா சூக் வீட்டுக்கும் நடுவே இருப்பது தோள் உயரச் சுவர். அதன்மேல் அவர்கள் வீட்டுப் புளிப்பு ஆரஞ்சு மரம் சாய்ந்து கிடக்கிறது. பதினெட்டு வருடமாக அந்த மரத்தின் காயும் அந்த வீட்டின் பேச்சும் எங்கள் பக்கம்தான் விழுகின்றன. காயைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரில்மா ஜன்னலைத் திறந்தபோது தூரத்தில் நீலமாக ஒரு மலை..."

[நிறுத்திவிட்டேன். எங்கள் மெரிதா இருக்கும் யுகத்தானில் மலை ஏது? தரை தோசைக்கல் மாதிரி கிடக்கும். ஐம்பத்திமூன்று வயதுவரை ரில்மா ஏறிய இடங்களிலேயே உயரமானது ஊருக்கு வெளியே இருக்கும் மேம்பாலம்தான்.]

மறுபடியும்: "வடக்கே, மலைகள் சூழ்ந்த மொந்தெர்ரே நகரத்துக்கு விமானத்தில் இரண்டே மணி நேரம்."

இது பரவாயில்லை. இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் ரில்மா எட்டு மாதமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள்.

2

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கண்ணை மூடும் நேரம். ரில்மா தூளியில் படுத்திருக்கிறாள்.* ஒரு காலால் சுவரை உந்துகிறாள். தூளி போய் வருகிறது. கையில் போன், போனில் ஒரு படம். மகன் காஸ்பர் மொந்தெர்ரேயில் தன் வாடகை அறையின் ஜன்னலிலிருந்து எடுத்து அனுப்பியது. படத்தில் பாதி, துணி காயும் கொடி. மீதிப் பாதி மலை.

* பெரியவர்கள் உறங்கும் தூளியைச் சொல்கிறேன். நூலில் பின்னியது. இங்கே பல வீடுகளில் கட்டிலைவிட இதற்குத்தான் மதிப்பு.

அந்த மலையை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் அறைக்குள் கொண்டுவந்திருந்தாள். அலமாரிக்குப் பின்னால் அது எழும்பும். அதன் நிழல் எத்தனை மணிக்குக் காஸ்பரின் தலையணைக்கு வரும்? மழை பெய்தால் மலையில் விழும் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் போகும்? மேகம் முட்டினால் சத்தம் கேட்குமா? தூளி முன்னே போகும்போது மலை பக்கத்தில் வரும், பின்னே வரும்போது விலகும். அவள் தூங்கிப்போவாள். தூக்கத்திலும் கால் சுவரை உந்திக்கொண்டிருக்கும்.

விழித்ததும் டிக்கெட் பக்கத்தைத் திறப்பாள். நவம்பரில் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள். இப்படிச் சேர்வதை இங்கே 'பாலம்' என்பார்கள். தேதியைப் போடுவாள், ஊரைப் போடுவாள். அப்புறம் 'பயணிகள் எண்ணிக்கை' என்றொரு கட்டம் வரும். ஒன்றா, இரண்டா?

அங்கேதான் ஒவ்வொரு முறையும் போனைக் கவிழ்த்து வயிற்றின்மேல் வைத்துவிடுவாள்.

3

காரணம், கணவர் வில்பெர்த் பெச்.

[இவரை எழுதக் கை தயங்குகிறது. முதல் படியில் கல்நெஞ்சராக எழுதினேன். ரில்மா படித்தால் சிரிப்பாள். இரண்டாவது படியில் பாவம் பிடித்தவராக்கினேன். அதை நானே நம்பவில்லை.]

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் காஸ்பருக்கு அங்கே குளிர்சாதனப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வில்பெர்த்தின் பேக்கரியை அவன்தான் எடுத்து நடத்துவான் என்று தெருவுக்கே தெரியும். கிளம்புகிற அன்று வாசலில், நாலு பேர் முன்னால், "போறவன் போனவனாவே இரு" என்று சொல்லிவிட்டார். சொன்ன நாக்கை அப்போதே கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். காஸ்பர் பார்க்கவில்லை. திரும்பாமல் போய்விட்டான்.

ஞாயிறுதோறும் அவன் அம்மாவைக் கூப்பிடுவான். மணி அடித்ததும் வில்பெர்த் எழுந்து ஆரஞ்சு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு ஊற்றுவார்.

"நீ போயிட்டு வா, கிழவி. நான் கடையப் பாத்துக்கறேன்," என்பார்.

"கடைய மூணு நாள் பூட்டினா ரொட்டி கோச்சுக்குமா?"

"ரொட்டி கோச்சுக்காது. வாங்க வர்றவன் கோச்சுக்குவான்."

ரில்மாவுக்கு வேண்டியது மலை இல்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஜன்னல் பக்கத்தில் தன் வீட்டு ஆண்கள் இருவரும் நிற்க வேண்டும். தனியாகப் போய் வந்துவிட்டால், இனி எப்போதும் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று பயந்தாள். காஸ்பரிடமும் வருவதாகச் சொல்லவில்லை. சொன்னால், "அப்பா வர்றாரா?" என்று கேட்பான்.

4

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. பின்கட்டில் ரில்மாவின் அக்கா, ஆடி என்று பெயர், எடை பார்க்கும் பலகையில் தங்கையின் பயணப்பையை வைத்தாள். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை, இது எடைக்கு ஒத்திகை; மலிவு டிக்கெட்டில் பத்துக் கிலோதான் அனுமதி.

"பதிமூணு காட்டுது. என்னடி இது, துணி ஒண்ணுகூட இல்ல?"

"துணிய உடம்புல போட்டுட்டுப் போறேன்."

வாழையிலையில் சுட்ட பன்றிக்கறி, பனிக்கட்டியாய் உறைந்தது. சிவப்பு மெழுகு பூசிய சீஸ் உருண்டை. அடியில் இரண்டு தூளிகள்.

"ரெண்டு எதுக்கு? உன் புருஷன்தான் வரலைங்கறாரே."

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு சும்மா இருக்கட்டும்."

"சும்மா இருக்கறது ரெண்டு கிலோ. சீஸ எடுத்துடவா?"

"கை வச்சுப் பாரு."

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். கதை எழுதுகிறவன் கதைக்குள் வாயை வைக்கக் கூடாது. ஆனால் நான் அப்போது கதை எழுதவில்லை. சுவருக்கு மேலே நாலு ஆரஞ்சுக் காயை நீட்டிக்கொண்டிருந்தேன். மொந்தெர்ரேயில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்லித் தொலைத்துவிட்டேன்:

"அங்க சுவத்துல கொக்கி இருக்காதே."

"என்ன கொக்கி?" என்றாள் ரில்மா.

"தூளி மாட்ற கொக்கிதான். வடக்க யாரும் தூளியில படுக்கறதில்ல. எல்லாம் கட்டில்."

"கொக்கி இல்லாமயா? அப்புறம் சுவரு எதுக்கு?" என்று கேட்டாள் ஆடி. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மெரிதாவில் கொத்தனார் கதவு வைப்பதற்கு முன்னாலேயே கொக்கியைப் பதித்துவிடுவார்.

ரில்மா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதமாக அந்த அறையில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு தூளி, அந்தப் பக்கம் ஒரு தூளி, நடுவில் மலை. இப்போது இரண்டும் சுருண்டு தரையில் விழுந்தன.

"விடு. அடுத்த பாலத்துக்குப் பாத்துக்கலாம்," என்றாள்.

இப்படி அவள் சொல்வது நான்காவது முறை. மரத்தடியில் வில்பெர்த் வாளியோடு நின்றிருந்தார். சனிக்கிழமையில் அவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன்.

(அ) ரில்மா தனியாகப் போகிறாள். மலையைப் பார்க்கிறாள். நினைத்ததைவிடச் சின்னதாக... [அவளுக்கு இதைச் செய்ய மாட்டேன்.]

(ஆ) விமான நிலையத்தில் அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்து... [சினிமா. பின்னணி இசைதான் பாக்கி.]

6

நடந்தது இது. வில்பெர்த் வீட்டுக்குள் போனார். அந்த வெக்கையில் வெற்றுடம்போடு இருந்தவர், திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் பட்டன் முழுக்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரு செத்தாங்க?" என்றாள் ஆடி.

அவர் ரில்மாவிடம் கையை நீட்டினார். "உன் போனக் குடு. அவன எப்படிக் கூப்பிடறது?"

ரில்மா எழுந்து காட்டினாள், ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள். மறுமுனையில் இரண்டாவது மணி அடித்ததுமே காஸ்பர் எடுத்துவிட்டான். "சொல்லும்மா. என்ன சனிக்கிழமையே?"

"அம்மா இல்ல," என்றார் வில்பெர்த்.

அங்கே எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"உன் ரூம் சுவத்துல கொக்கி இருக்கா?"

மூன்று வருடம் கழித்து மகனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவருக்குக் குரல் உடைந்திருக்கும்.

"இல்லப்பா," என்றான் காஸ்பர். "துளை போடற மெஷின் தொழிற்சாலையில இருக்கு. எடுத்துட்டு வரலாம்," என்றான். அப்புறம் கேட்டான்: "எத்தன தூளிக்கு?"

வில்பெர்த் ரில்மாவைப் பார்த்தார். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. எடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கே என்னிடம் ஒரு எண் இருக்கிறது. எழுதியும் பார்த்தேன். ஆனால் அது என் ஆசை. எட்டு மாதமாக அவள் நிரப்பாமல் வைத்திருந்த கட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் நிரப்பிவிட்டுப் போவது நியாயமில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். காஸ்பர் இன்னும் போனை வைக்கவில்லை.