வாசகத்தில் இல்லாத மூன்று வசனங்கள்

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, கோயிலில் வாசகம் படிக்கும் முறை எங்கள் தெருக்காரர்களுக்கு வந்தது. பதினாறு குடும்பத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி, இரண்டாம் வாசகத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார் என் கணவர் ஜோஸ்வா.

"அரே, கொஞ்சம் வரிதான் செல்வி. ஜல்தி படிச்சிட்டு இறங்கிரு" என்றார். அவருக்கென்ன, படகு இன்ஜினோடு மட்டும் பேசிப் பழகியவர்.

படித்துப் பார்க்க வீட்டு பைபிளைத் திறந்தேன். கடைசிப் புத்தகம், முதல் அதிகாரம். யோவானை ஒரு தீவில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார்கள். நானும் தீவுக்காரிதானே, கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டுத் திரும்புகிறார். ஏழு பொன் விளக்குகளுக்கு நடுவே ஒருவர் நிற்கிறார். அதுவரை சரி. அதற்கடுத்த மூன்று வசனங்களில்தான் மாட்டிக்கொண்டேன். நிற்பவரின் கண்கள் தீயாக எரிகின்றன. அவர் குரல் பெருவெள்ளம் இரைவதுபோல் இருக்கிறது.

அந்த இரைச்சலை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் கட்சால் தீவில் சுனாமி வந்த காலையில் எனக்குப் பத்து வயது. தம்பி மிக்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஒரு தென்னையை எட்டினேன். ஒரு கையால் மரத்தைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை. தண்ணீர் இழுத்தது. தம்பியின் கை நழுவவில்லை. நான்தான் விட்டேன்.

அம்மா வேறொரு மரத்தைப் பிடித்துப் பிழைத்தாள். "அலை புடுங்கிட்டுப் போயிருச்சு" என்றுதான் இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் ஆமாம் போடுகிறேன். அந்தத் தீக்கண்ணுக்கு முன்னால் எப்படி ஆமாம் போடுவது? அதுவும் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அந்த வசனத்தில் என் குரல் உடைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தையே புரட்டினேன். பயந்து பயந்து படித்ததில் மூன்று வசனமும் மனப்பாடமாகிவிட்டது.

ஞாயிறு காலை மேடையேறி, கோயிலின் வாசகப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினேன். விளக்குகளுக்கு நடுவே ஒருவர் நிற்கிறார். அடுத்த வரியிலேயே யோவான் செத்தவர்போல் அவர் காலடியில் விழுகிறார். இடையில் அந்த மூன்று வசனமும் இல்லை. பூசை நீளும் என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

தப்பித்தோம் என்று மேலே படித்திருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம் வந்தது. காரணமே இல்லாமல் ஒரு மனிதர் செத்தவர்போல் விழுவாரா? அந்தக் கண்ணையும் குரலையும் எடுத்துவிட்டால், விழுந்தவர்மேல் வலக்கையை வைத்து அஞ்சாதே என்று அடுத்த வரியில் அவர் சொல்வது எதற்கு?

புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தேன். மூன்று வசனங்களையும் மனப்பாடமாகச் சொன்னேன். வெள்ளம் இரையும் இடத்தில் குரல் உடைந்தது. ஃபாதர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மீதியை எப்படிப் படித்து இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து அம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அலை புடுங்கல. மிக்கேல் கைய நான்தான் விட்டேன்."

அம்மா நிமிர்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் முந்தானை என் கன்னத்தைத் துடைத்தது.

"தெரியும்டி. அடுத்த மரத்துலேருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன விட்டுரு, ரெண்டு கையாலயும் மரத்தப் புடின்னு நான்தான் கத்துனேன். அந்த இரைச்சல்ல உனக்குக் கேக்கல."