மாமாவின் லாரிக் கண்ணாடி

1.
கை கழுவுவதைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று கல்லூரி மலரில் கேட்டார்கள். வேறொருவன் எழுதிப் பெயர் வாங்கிவிடுவானே என்ற வயிற்றெரிச்சலில் ஒத்துக்கொண்டேன். அதே எரிச்சலைக் கதாநாயகனுக்கும் கொடுத்துவிட்டேன்.

தொடக்கம்: வெள்ளம் வடிந்த வானில் மேகங்கள்... (வேண்டாம். மேகத்துக்கு வயிற்றுப்போக்கு வராது.)

2.
வெள்ளம் வடிந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம். கடைசி வகுப்பறையில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. கழிப்பறை வாசலில் குழாய், சோப்பு. நம்மாள் குழாய்க்கு எதிர்ச்சுவர் முழுக்க வாசகம் எழுதினான்: 'கரம் சுத்தம், காலன் தூரம்.' எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டுக் கை கழுவாமல் போனார்கள்.

அவன் அக்கா புருஷன் லாரி டிரைவர். லாரி முங்கி, மிஞ்சியது பக்கக் கண்ணாடி ஒன்றுதான். சவரம் செய்ய அதைக் குழாய்க்கு மேல் மாட்டினார். அன்றே வரிசை! வெள்ளத்துக்குப் பின் தன் முகத்தையே பார்க்காத சனம். முகம் பார்க்க நின்றவர்கள், பின்னால் நிற்பவர்களுக்குக் கூச்சப்பட்டுக் கையையும் கழுவினார்கள்.

"உங்க மாமா மூளையப் பாத்தியாடா?" என்றாள் அக்கா.

"அது ஷேவ் பண்ண மாட்டினதுக்கா!"

"நீயும்தான் இத்தன நாளா சுவத்துல கிறுக்குற. ஒரு ஈயாவது கை கழுவுச்சா?"

"விடும்மா," என்றார் மாமா. "மச்சான் எழுத்து அழகு. கண்ணாடியில பாத்தா இன்னும் அழகு."

3.
(மாமாவைக் கெட்டவராக்கப் பார்த்தேன். 'அவர் வாயில் சாராய நெடி...' அடித்துவிட்டேன். நான் பெற்ற ஆள், என் கதையைத் தூக்கிக்கொண்டு போகிறார்.)

4.
மத்தியானம் மாமா குறட்டை விடும்போது நம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். இனி தன் வாசகம் ஜெயிக்கிறதா என்று தூண் மறைவில் நின்று பார்த்தான்.

அக்கா வந்தாள். கைக்குழந்தைக்குக் காலையிலிருந்து பேதி. கழிப்பறையில் அதைக் கழுவிவிட்டு இடுப்பில் தூக்கி வருகிறாள். குழாய்ப் பக்கம் திரும்பினாள். கண்ணாடி இல்லை, வரிசையும் இல்லை. சுவரைப் படித்தாள். கை கழுவாமலே போய்விட்டாள். முகாமுக்கே இன்று சாப்பாடு போடுவது அவள்தான்.

5.
முடிவு அ: அவன் கத்துகிறான். (என்னவென்று? 'கரம் சுத்தம்' என்றா? "கண்ணாடி எங்கடா?" என்பாள்.)

முடிவு ஆ: மாமா விழித்துக்கொண்டு ஓடிப்போய்த் தடுத்து... (முடியவே முடியாது. இதிலுமா அவர்?)

ஆகவே நீங்கள். அக்கா அண்டா மூடியைத் திறந்துவிட்டாள். முதல் ஆள் தட்டை நீட்டுகிறார். நம்மாள் சட்டைக்குள் கண்ணாடியோடு வாயைப் பிளந்து நிற்கிறான். அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும். மாமாவுக்குத் தோன்றாததாக இருந்தால் நல்லது. தோன்றியதே என்றாலும் பரவாயில்லை, சீக்கிரம் சொல்லுங்கள்.