நியே இருக்கும் திசை

ஷுவான்ஹூ செத்த மண்ணில் காந்த ஊசி வடக்கைக் காட்டுவதில்லை. பேராசிரியர் நியே எங்கே இருக்கிறாரோ அந்தப் பக்கம் காட்டும்.

லோச்சுவான் மேட்டில் வீடு என்றால் மண்ணைக் குடைந்த குகைதான். அந்த மண்ணோ, காற்று கொண்டுவந்து கொட்டிய தூசு. அதிலுள்ள ஒவ்வொரு இரும்புத் துகளும் விழுந்த காலத்து வடக்கைப் பார்த்தபடியே படிந்துவிடும். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் ஒருகாலத்தில் இடம் மாறின. எந்த அடுக்கில் மாறின என்று கண்டால் மண்ணின் வயது தெரிந்துவிடும். அதைத் தேடி வந்த நியே, சாய்யின் என்ற பெண்ணின் குகைப் பின்சுவரில் வடக்கு நோக்கி அம்புக்குறி போட்டுக் கட்டி கட்டியாக அறுத்தெடுத்தார். அறுத்த பள்ளத்தைப் பொழுது சாய்வதற்குள் சுடாத பச்சைச் செங்கல் வைத்து அடைப்பது அந்த ஊர் வழக்கம்.

“அடைச்சுட்டுப் போங்க வாத்தியாரே,” என்றான் அவள் கணவன் ஷுவான்ஹூ.

“எட்டு லட்சம் வருஷமா நிக்கிற மண்ணு, ஒரு ராத்திரி நிக்காதாப்பா?”

நிற்கவில்லை. மண்கட்டிலில் படுத்திருந்த ஷுவான்ஹூ எழுந்திருக்கவேயில்லை. சாய்யின் அன்று அம்மா வீட்டில் இருந்தாள். விசாரணையில் நியே, அவன் அடுப்புப் புகைபோக்கிக்காகச் சுவரைத் தோண்டியிருந்தான் என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இடிந்தபோது எழும்பிய தூசு, படியும்போது வடக்கைப் பார்க்கவில்லை, நியேவைப் பார்த்தது. நகரத்து ஆய்வுக்கூடத்தில், அந்தத் தூசு படிந்த அவருடைய மண்கட்டிகள் எல்லாம் அவர் நெஞ்சையே காட்டின. மேசையைச் சுற்றி நடந்தால் அவையும் சுற்றின. வசந்தக் காற்று அந்தத் தூசை மற்ற பள்ளத்தாக்குகளுக்கும் கொண்டுபோனது. அவர் எங்கே தோண்டினாலும் இதே கதை. மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு விலகினார்கள். தேடிய அடுக்கை வேறொருவர் கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார்.

தலை நரைத்து அவர் திரும்பி வந்தபோது, சாய்யின் புதுக் குகை வாசலில் புளிக்காடி விட்ட நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“வாங்க வாத்தியாரே. கிளம்புனப்பவே ஊசி சொல்லிருச்சு.”

“உனக்கு என்னம்மா வேணும்?”

“ஊருக்கு முன்னாடி உண்மையைச் சொல்லுங்க.”

ஆப்பிள் சந்தையில் நின்று சொன்னார். அடைக்காமல் போனது தன் தப்பு, ஷுவான்ஹூ சுவரைத் தொடவேயில்லை என்றார். ஊசி அசையவில்லை, அவரையே காட்டியது.

“அதான் சொல்லிட்டேனே!”

“எங்க வீட்டுக்காரர் பேரு சுத்தமாச்சு. உங்களை விட்டுர்றேன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றவள், கையோடு கொண்டுவந்த கிண்ணத்தில் மிச்சமிருந்த காடியையும் குடித்து முடித்தாள்.

நியே நகரத்தில் இறந்தார். இப்போது அந்த ஊரில் மனைக்குத் திசை பார்ப்பவர்கள் அவருடைய கல்லறைத் திசையைக் கழித்துவிட்டுத்தான் வடக்கைக் குறிக்கிறார்கள். நியேவின் மகன் ஒருமுறை அவர் சாம்பலை யாருக்கும் தெரியாமல் வேறு ஊருக்கு மாற்றினான். அன்றே ஊசிகள் திரும்பின. “வாத்தியார் வீடு மாத்திட்டார்,” என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்கள் பாதி தோண்டிய வாசலின் திசையைச் சரிசெய்துகொண்டார்கள்.